மினிட்ஸ் புக் யார் கையில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். மாநிலம் கேரளா, வீட்டில் பேச்சு தமிழ், சந்தைக்குப் போவது பொள்ளாச்சி, ஆபீசில் கொடுக்கும் தாள் மலையாளம், இதுதான் எங்கள் பக்கம். உங்கள் நாளிதழை என் வீட்டுக்காரர் டீக்கடையில் படித்துவிட்டு, எனக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிற பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கி வருவார். அப்படி வந்த பக்கங்களில் கொஞ்ச நாளாகவே ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பு இல்லை, பொறுப்பெடுக்க முன்வருவதில்லை, எந்நேரமும் போனில் கிடக்கிறார்கள் என்று. எழுதுகிறவர்கள் எல்லோரும் பெரியவர்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கோடை விடுமுறையில் என் நாத்தனார் மகளை ஒரு தலைமைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பி வைத்தோம். யார் நடத்தியது என்பது வேண்டாம், எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கிறது. காலை 10 மணியிலிருந்து சாயங்காலம் 4 மணி வரை மேடையில் ஆட்கள் மாறி மாறிப் பேசினார்கள். இவள் தமிழ் மீடியத்தில் படித்தவள், பேசியதில் பாதி புரியவில்லை, கேட்கலாம் என்று கையைத் தூக்கியிருக்கிறாள், நேரமில்லை என்று உட்காரச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் எல்லோருக்கும் ஒரு சர்டிபிகேட். அப்புறம் நாற்காலிகளை எடுத்து அடுக்கியது மட்டும் பிள்ளைகள். வீட்டுக்கு வந்ததும் "என்ன கண்ணு கத்துக்கிட்டே" என்று கேட்டேன். "மேலே இருக்கிறவங்க பேசணும், கீழே இருக்கிறவங்க கேட்கணும், அதுதான் அத்தை" என்றாள். அவள் குறையாகக்கூடச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. ஏனென்றால் எனக்குக் கிடைத்த பயிற்சி இதற்கு நேர் எதிரானது, அதைக் கொடுத்தவர் மேடை ஏறி நான் பார்த்ததே இல்லை.

நான் பிறந்தது பொள்ளாச்சிப் பக்கம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது மலையாளத்தில் ஒரு எழுத்துத் தெரியாது. 2004இல் எங்கள் தெருவில் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் ஆரம்பித்தபோது என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: அங்கே மகளிர் சுய உதவிக் குழு என்றால் இங்கே குடும்பஸ்ரீ. 1998இல் கேரள அரசு தொடங்கியது. 10 முதல் 20 பெண்கள் சேர்ந்தது ஒரு அயல்கூட்டம், வார்டு அளவில் ஏ.டி.எஸ்., பஞ்சாயத்து அளவில் சி.டி.எஸ். என்று மேலே போகும். எங்கள் கூட்டத்தில் 16 பேர். நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடும் ஒருவர்தான் முதல் பிரசிடெண்ட். இரண்டு மாடு, கொஞ்சம் கடலைக்காய்க் காடு, ஐந்தாம் வகுப்புப் படிப்பு, அவ்வளவுதான் அவர்.

முதல் கூட்டத்திலேயே மினிட்ஸ் புக்கை, அதாவது கூட்டத்தில் நடப்பதை எழுதி வைக்கும் புதிய நோட்டை, என் மடியில் வைத்து "நீ எழுது அம்மிணி" என்றார். எனக்கு மலையாளம் வராதுங்க அக்கா என்றேன். "நாம பேசறது தமிழ்தானே, தமிழ்லயே எழுது. மேலே கேட்டா அப்ப பார்த்துக்கலாம்" என்றார். பத்தாவது முடித்துவிட்டு, கல்யாணம் ஆனதிலிருந்து பேனா பிடிக்காத கை அது. அன்றைக்கு வந்தவர்கள் பெயரை எழுதி முடிப்பதற்குள் விரலெல்லாம் வேர்த்துவிட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். பெரியக்கா வேகமாக எழுது என்றும் சொல்லவில்லை, கொடு நான் எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை. ஏதோ மாட்டுக்குத் தவிடு விலை ஏறினதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், என் பேனா நிற்கிற வரைக்கும்.

அயல்கூட்டத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வாரக் கூட்டத்தை உறுப்பினர்களின் வீடுகளில் முறை வைத்து நடத்த வேண்டும், இந்த வாரம் இவர் வீடு, அடுத்த வாரம் அடுத்தவர் வீடு. கேட்க எளிதாக இருக்கும். எங்கள் 16 பேரில் 4 பேர் காலனிக்காரர்கள். அவர்கள் முறை வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் "அங்க இடம் பத்தாதே, அங்கன்வாடியிலேயே வச்சுக்கலாமே" என்பார்கள். யாரும் சண்டை போடவில்லை, யாரும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அங்கன்வாடி வாசல் விசாலமாக இருந்தது உண்மைதான். ஆனால் என் வீட்டுத் திண்ணை அந்தக் காலனி வீட்டு வாசலைவிடச் சின்னது, அதில் கூட்டம் நடந்தபோது இடம் பத்தாது என்று யாரும் சொன்னதில்லை. இதை நான் சொல்லவில்லை, அப்போது எனக்குத் தோன்றவுமில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அங்கன்வாடி என்றபோது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

பெரியக்கா இதற்காக ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. முறைப் பட்டியலை என்னை எழுதச் சொல்லி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினார். காலனி வீட்டின் முறை வந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். அன்று வந்தது 7 பேர். அந்த வீட்டு அக்கா தயங்கித் தயங்கி நின்றார், ஒன்றும் தரலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. பெரியக்காதான் "என்னம்மிணி, எங்களுக்கு ஒரு கட்டஞ்சாயா கிடையாதா" என்று கேட்டு, அந்தப் பால் விடாத டீயை வாங்கிக் குடித்தார். அவித்த கடலைக்காய் கொடுத்தார்கள், அதையும் மடியில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அவர் குடித்ததைப் பார்த்துத்தான் நான் குடித்தேன். அடுத்த சுற்றில் 9 பேர், அதற்கடுத்த சுற்றில் 11 பேர். மிச்சம் 5 பேர் வரவே இல்லை. வராதவர்களை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வராதவர்கள் பெயருக்கு நேரே நான் வரவில்லை என்று எழுதினேன், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த 360 ரூபாய் விஷயம் வந்தது. இதை இத்தனை வருடத்தில் நான் வெளியில் சொன்னதில்லை.

காலனியிலிருந்து வரும் ஒரு அக்கா குழுவில் கடன் வாங்கி வாரம் 40 ரூபாயாகத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் கடன் கணக்கை வாசித்தபோது அவர் பெயரில் ஒரு பைசா வரவில்லை என்றிருந்தது. "நான் ஒன்பது வாரம் கட்டியிருக்கேனுங்க" என்றார். நோட்டில் இல்லையே என்றேன். நோட்டை எழுதியவள் நான், அதனால் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மூன்று பேர் "படிக்கத் தெரியாதவங்க கணக்கு அப்படித்தான் மாறும்" என்றார்கள். அந்த அக்கா குரல் உயரவில்லை. "எங்க வீட்டுச் சுவத்துல இருக்குதுங்க" என்றார். ஒருவருக்கும் புரியவில்லை. பெரியக்கா எழுந்தார். "வாங்க, சுவத்தைப் பார்த்துட்டு வந்து பேசலாம்" என்றார்.

16 பேரும் போனோம். அதுவரை காலனிக்குள் கால் வைக்காத அந்த 5 பேரும் வந்தார்கள், கணக்கு என்றால் யாருக்குத்தான் பார்க்காமல் இருக்க முடியும். அடுப்படிச் சுவரில், புகை படிந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, கரியால் கோடு போட்டு வைத்திருந்தார். சேமிப்புப் பணம் கட்டிய வாரத்துக்கு ஒரு குட்டைக் கோடு, கடன் கட்டிய வாரத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கோடு. நீளக் கோடு 9 இருந்தது. குட்டைக் கோடுகளை என் நோட்டோடு ஒத்துப் பார்த்தோம், ஒரு வாரம் பிசகவில்லை, அவர் காய்ச்சலாகக் கிடந்து வராத வாரத்துக்குச் சுவரிலும் இடைவெளி விட்டிருந்தார். அங்கேயே நின்றுகொண்டு நோட்டைப் புரட்டியபோதுதான் கண்டுபிடித்தேன். எங்கள் கூட்டத்தில் அதே பெயரில் இன்னொருவர் உண்டு, கடன் ஏட்டில் இந்த அக்கா கட்டிய 360 ரூபாயை அந்த இன்னொருவர் பெயருக்கு நேரே வரவு வைத்திருக்கிறேன். ஒன்பது வாரமும்.

எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பெரியக்கா என்னைத் திட்டியிருந்தால்கூட அழுது முடித்திருப்பேன். "நீதானே எழுதினே, நீயே அவகிட்டச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். அந்த அடுப்படியில் எல்லோர் முன்னாலும் அந்த அக்காவிடம் தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து, இருட்டுகிற வரைக்கும் 16 பேரின் பாஸ்புக்கையும் நோட்டோடு ஒவ்வொன்றாகச் சரி பார்த்தோம். அந்த 5 பேரும் அன்று அந்த வீட்டுச் சாயாவைக் குடித்தார்கள். நேரமாகிவிட்டது, தொண்டை வறண்டிருந்தது, தம்ளர் வந்தது, வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் நோட்டை வேறு யாரிடமாவது கொடுப்பார் என்று நினைத்துத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். நோட்டு என் மடிக்குத்தான் வந்தது. "எழுது அம்மிணி."

என்னைக் கேட்டால் அந்த இரண்டு வார்த்தைதான் எனக்குக் கிடைத்த மொத்தப் பயிற்சியும். தப்புச் செய்தவளிடமே மறுபடியும் வேலையைக் கொடுக்கிற தைரியம் பெரியவர்களுக்கு வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? பிள்ளை ஒரு தடவை தப்பாகச் செய்தால் "தள்ளு, நான் பார்த்துக்கறேன்" என்கிறோம். அவன் தள்ளி நிற்கப் பழகிவிடுகிறான். பத்து வருடம் கழித்து இவனுக்குப் பொறுப்பே இல்லை என்று எழுதுகிறோம்.

மூன்று வருடம் முடிந்து நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. பெரியக்காவே தொடர வேண்டும் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் அந்தக் கரிக்கோடு அக்காவின் பெயரைச் சொன்னார். படிக்கத் தெரியாதே என்று ஒருவர் கேட்டார். "படிக்கத்தான் செக்ரட்டரி இருக்காளே. பிரசிடெண்டுக்கு ஞாபகமும் நேர்மையும் இருந்தாப் போதும், அது அவ சுவத்துலயே எழுதியிருக்குது" என்றார். அப்புறம் தானே கேட்டு, அதே கூட்டத்தில் ஆரோக்கிய வாலண்டியர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பிரசிடெண்டாக இருந்தவர் பாயில் உட்கார்ந்து, புதுப் பிரசிடெண்ட் "இந்த வாரம் யாரு யாருக்குக் காய்ச்சல்" என்று கேட்டால் எழுந்து பதில் சொன்னார். அந்தக் காட்சியை நான் மறக்கவே மாட்டேன்.

இதற்கு முன்னுதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது என்று ரொம்பப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1936இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானபோது காமராஜர் செயலாளர். 1940இல் காமராஜர் தலைவர், சத்தியமூர்த்தி செயலாளர். பெரிய படிப்பு, சட்டசபைப் பேச்சு, டெல்லி வரை பெயர், அப்படிப்பட்டவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட விருதுநகர்க்காரரின் கீழே வேலை பார்க்கச் சம்மதித்தார். காமராஜரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் போட்ட பள்ளிக்கூடங்களை எழுதுகிறார்கள், மதிய உணவை எழுதுகிறார்கள், சரி, எழுத வேண்டியதுதான். அந்தச் செயலாளர் நாற்காலிக்கு இறங்கி வந்த மனிதரைப் பற்றி ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள் என்று கேட்கிறேன். 1954இல் முதலமைச்சரானபோது காமராஜர் சத்தியமூர்த்தி வீட்டுக்குப் போய் வணங்கிவிட்டு வந்தார் என்றால், சும்மா போகவில்லை.

பெரியக்கா இறந்த பிறகு நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். வருடக்கணக்கில் நோட்டை என் வீட்டு பீரோவிலேயே வைத்திருந்தேன். செக்ரட்டரி பொறுப்பு பெயருக்கு வேறொருவரிடம் போன காலத்திலும் எழுதியது நான்தான். என்னைவிட ஒழுங்காக யார் எழுதுவார்கள் என்ற எண்ணம். எனக்கு ஒருவர் செய்ததை நான் இன்னொருவருக்குச் செய்யவில்லை. 2021இல் குடும்பஸ்ரீயில் ஆக்ஸிலரி குரூப் என்று 18 முதல் 40 வயதுப் பெண்களுக்குத் தனியாக ஒன்று கொண்டுவந்தார்கள். அதற்கு நல்ல காரணம் உண்டு. அயல்கூட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு பெண்தான் உறுப்பினர், மாமியார் இருந்தால் மருமகளுக்கு இடமில்லை, அம்மா இருந்தால் மகளுக்கு இடமில்லை, படித்த பெண்கள் எல்லாம் அடுப்படியிலிருந்து கூட்டத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மருமகள் அதில் சேர்ந்தாள். முதல் மூன்று கூட்டத்துக்கும் வழிகாட்டுகிறேன் என்று நானும் போய் உட்கார்ந்தேன். நான்காவது வாரம் கிளம்பும்போது அவள் வாசலில் நின்று, பயந்துகொண்டேதான் சொன்னாள்: "அத்தை, நீங்க பக்கத்துல இருந்தா நாங்க உங்க முகத்தைப் பார்த்துட்டுத்தான் பேசறோம்."

அன்று நான் போகவில்லை. மனசு ஒரு நாள் பூராவும் வலித்தது, ஆனால் அவள் சொன்னது சத்தியம். அடுத்த ஞாயிறு எங்கள் நோட்டையும் பீரோவிலிருந்து எடுத்துக் காலனியிலிருந்து வரும் ஒரு இளம் உறுப்பினரிடம் கொடுத்தேன். அவர் கரிக்கோடு அக்காவின் மகன் மனைவி, அக்காவுக்குப் பதிலாக இப்போது வருகிறார். நர்சிங் படித்தவர், தமிழும் மலையாளமும் எழுதுவார். முதல் மாதமே வங்கிச் சீட்டில் ஒரு தப்பு வந்தது. என் கை நோட்டைப் பிடுங்கப் போனது. எப்படியோ அடக்கிக்கொண்டு சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

கேரளாவில் இது தானாக நடந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். கொஞ்சம் நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. 1996இல் மக்கள் திட்டம் வந்து, மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. 2010 தேர்தலிலிருந்து உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. 2020 டிசம்பரில் கொல்லம் மாவட்டம் பத்தனாபுரம் பிளாக் பஞ்சாயத்தில் ஆனந்தவல்லி என்பவர் தலைவரானார். அதே ஆபீசைப் பல ஆண்டுகள் பெருக்கித் துடைத்தவர் அவர். அதே மாதம் திருவனந்தபுரத்துக்கு 21 வயதில் மேயரான ஆர்யா ராஜேந்திரன் திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை, சிறுவர்களுக்கான பாலசங்கத்தில் வளர்ந்து அதன் மாநிலத் தலைவராக இருந்தவர். எந்தக் கட்சி என்பது எனக்கு இங்கே முக்கியமில்லை. சின்ன வயதிலேயே ஒரு பாயில் இடம் கொடுத்து, நீ சொல்லு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், அதுதான் முக்கியம்.

ஆனால் இடம் ஒதுக்கினால் மட்டும் ஆள் வளர்வதில்லை என்பதையும் நாங்கள் பார்க்கிறோம். பெண் மெம்பருக்குப் போன் போட்டால் வீட்டுக்காரர் எடுக்கிறார், கூட்டத்தில் அவர் எழுதிக் கொடுத்ததை இவர் வாசிக்கிறார். ஐந்து வருடத்தில் அந்தப் பெண் வேலையைக் கற்றுக்கொண்டு நிமிர்கிற நேரம் வார்டு பொதுவாகிவிடும், அடுத்த முறை ஆணுக்குத்தான் சீட்டு. அவர் கற்றது அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அந்த ஐந்து வருடமும் அவர் கிராமசபைக்குப் போகும்போது கூட இரண்டு இளம் பெண்களைக் கூட்டிப்போய், பைலைத் தூக்கச் சொல்லாமல் பைலைப் படிக்கச் சொல்லியிருந்தால் அந்த இழப்பு இருக்காது. நான் பார்த்த மெம்பர்களில் அப்படிச் செய்தவர் ஒருவர்தான். அவர் வார்டில் இன்றைக்கும் முதியோர் பென்ஷன் மனுவை எழுத ஆபீஸ் வாசலில் யாரும் காசு கொடுப்பதில்லை, எழுதத் தெரிந்த நாலு பெண்கள் அங்கே இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கு என்று தனியாக ஒரு சிக்கல், மொழி. கிராமசபை நோட்டீஸ் மலையாளத்தில் வருகிறது. 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம், பதிலைத் தமிழில் பெறலாம் என்று இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்த பெரியவர்கள் எங்கள் பிள்ளைகளிடம் சொன்னார்களா? நான் மலையாளத்துக்கு எதிராகப் பேசவில்லை. என் மருமகளும் பேரனும் நன்றாக மலையாளம் எழுதுகிறார்கள், அது எனக்குச் சந்தோஷம், இந்த மண்ணில் வாழ அது வேண்டும். புரியாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் 60 வயது அம்மாவுக்கும், எரவாளர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து வந்து நிற்கும் பெண்ணுக்கும் முன்வரிசையில் இருப்பவர் திரும்பிப் பார்த்து "இப்ப ரோடு விஷயம் பேசறாங்க, உங்க பக்கத்து ரோட்டையும் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை தமிழில் சொன்னால் போதும். நான் போன கிராமசபைகளில் அப்படித் திரும்பிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். பெரியவர்கள் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் போடுகிற நேரத்தையும் சொல்ல வேண்டும். வாக்காளர்களில் நூற்றுக்கு பத்துப் பேர் வந்தால்தான் கிராமசபை செல்லும். வேலை நாளில் காலை 11 மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகிறவர் எப்படி வருவார்? தொழிலுறப்பு என்று இங்கே சொல்லும் ஊரக வேலை உறுதித் திட்ட வேலைக்குப் போகிற பெண்களை அப்படியே கூட்டிவந்து கையெழுத்து வாங்கிக் கணக்குக் காட்டுவதும் நடக்கிறது. யார் வர முடியும் என்று யோசித்து நேரம் குறிப்பதே பாதித் தலைமை என்று எங்கள் பெரியக்கா நினைத்திருக்க வேண்டும், ஞாயிறு மூன்று மணி என்று அவர் வைத்தது எல்லோர் வீட்டிலும் சமையல் பாத்திரம் கழுவி முடிகிற நேரம். மாடு கறக்கப் போவதற்கு முன்னால் கலைந்துவிடலாம்.

ஆண்களிடமும் ஒன்று கேட்கிறேன். எங்களுக்குத் தண்ணீர் ஆழியாற்றிலிருந்து வருகிறது. 1970 பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. கேரளாவுக்குக் கொடுக்க வேண்டும், அங்கிருந்து மூலத்தறை வந்து இடது வலது வாய்க்கால்களில் பிரிகிறது. எந்த மாதம் எவ்வளவு வரும், குறைந்தால் யாரைக் கேட்பது, எந்த மதகைத் திறந்தால் கடைமடைக்கு எத்தனை மணி நேரத்தில் போகும், இதெல்லாம் எங்கள் ஊரில் நாலைந்து பெரியவர்களின் தலையில் மட்டும் இருக்கிறது. அவர்களில் இருவர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவர்களுக்குத் தெரிந்ததும் கூடவே போய்விட்டது. என் மாமனாரின் தம்பி மட்டும் வாய்க்கால் பார்க்கப் போகும்போதெல்லாம் பேரனைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். எதுவும் சொல்லிக்கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை, அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அந்தப் பையன் இப்போது 24 வயது, போன வருடம் தண்ணீர் விஷயமாக அதிகாரிகளிடம் பேசப் போன குழுவில் அவன்தான் சின்னவன், எல்லாக் கணக்கையும் மனப்பாடமாகச் சொன்னவனும் அவன்தான். மற்ற பையன்களுக்கும் சைக்கிள் கம்பியில் இடம் கிடைத்திருக்கலாம். பெண் பிள்ளைகளுக்கும்தான், வாய்க்கால் தண்ணீர் அவர்கள் வயலுக்கும் பாய்கிறது.

குடும்பஸ்ரீயில் சிறுவர்களுக்குப் பாலசபா இருக்கிறது. எங்கள் வார்டில் அது பெயருக்கு இருந்தது, இப்போது மருமகள் கூட்டத்தார் மாதம் இரண்டு முறை கூட்டுகிறார்கள். பெரியவர்கள் அங்கே போய் அறிவுரை சொல்லக்கூடாது என்பது பிள்ளைகளே போட்ட விதி. பள்ளிக்கூடம் போகும் வழியில் இருக்கும் ஓடைப் பாலத்துக்குக் கைப்பிடி இல்லை என்று அவர்களே எழுதிய மனு பஞ்சாயத்துக்குப் போயிருக்கிறது. இன்னும் கைப்பிடி வரவில்லை, ஆனால் மனுவின் நகலை அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், மாதாமாதம் இருவர் போய் என்ன ஆயிற்று என்று கேட்டு வருகிறார்கள். போன தடவை போன இருவரில் ஒருத்தி, முகாமில் கையைத் தூக்கி உட்காரச் சொல்லப்பட்ட அந்த என் நாத்தனார் மகள்தான். பிள்ளைகளுக்குத் துணையாகப் போனாள். ஆபீசில் இருந்தவர் நாளைக்கு வா என்றாராம், இவள் எந்தத் தேதி என்று கேட்டு, அதைத் தமிழிலேயே நோட்டில் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கி வந்திருக்கிறாள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு என்று எல்லைப் பகுதியில் தமிழ் படிக்கிறவர்கள் நிறைய இருக்கிறோம். எங்கள் பஞ்சாயத்துகளின் கிராமசபைத் தேதியையும், அன்று என்ன பேசப் போகிறார்கள் என்பதையும் வாரம் ஒரு நாள் நாலு வரியில் தமிழில் போடுங்கள். சினிமாப் பக்கத்துக்குக் கீழே சின்ன இடம் போதும். யார் மாலை போட்டார், யார் பொன்னாடை போர்த்தினார் என்ற படத்துக்குக் கொடுக்கும் இடத்தில் கொஞ்சம், எந்தக் குழுவில் யார் முதல் முறையாக மினிட்ஸ் எழுதினார் என்பதற்கும் கொடுங்கள். விவரம் வேண்டுமென்றால் எங்கள் இளம் பெண்களே வாராவாரம் எழுதி அனுப்புவார்கள், கேட்டுவிட்டேன், சரி என்றிருக்கிறார்கள்.

வருகிற ஞாயிறு கூட்டம் கரிக்கோடு அக்கா வீட்டில். வீடு இப்போது ஓட்டு வீடு இல்லை, கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் புது வீடு கட்டி வெள்ளை அடித்திருக்கிறார்கள், அந்தப் பழைய அடுப்படிச் சுவரும் போய்விட்டது. அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, ஆனாலும் கூட்டம் என்றால் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வார். மருமகள் கணக்கு வாசிக்கும்போது விரல் கணுவில் எண்ணிக்கொண்டே வருவார். நானும் மூன்று மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவேன்.

இப்படிக்கு,
ஒரு குடும்பஸ்ரீ உறுப்பினர்,
கொழிஞ்சாம்பாறை அருகே, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.